அரைத்த ரசம்

அம்மா போன மாதம் இறந்தாள். மாரடைப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பழைய பக்கவாதம்தான் காரணம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். தவறு. பக்கவாதத்தை அவள் எப்போதோ ஜெயித்துவிட்டாள். எப்படி என்று எழுதுகிறேன்.

பெயர் இந்திராணி. மத்திய அரசில் எழுத்தராகச் சேர்ந்து பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவள். அப்பா பச்சைமுத்து விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். இருவருக்கும் ஊர் மதுரைப் பக்கம். வீடு தலைநகரில், கரோல் பாக்கில். நான் பம்பு கம்பெனியில் இன்ஜினியர்.

பக்கவாதம் வந்தபோது மருத்துவமனையில் அம்மாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுத்தார்கள். கையில் அசைவு திரும்பியது. பேச்சு குழறலாகத் திரும்பியது. விழுங்குவது மட்டும் பாதிதான். குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்தார்: புரையேறிக்கொண்டே இருந்தால் நிமோனியா வரும், அடுத்த வாரம் பார்ப்பேன், தேவைப்பட்டால் மறுபடி குழாய்தான்.

"அது மட்டும் வேணாம்டா," என்றாள் அம்மா. வேறு எதற்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

விழுங்கும் பயிற்சி தந்த பெண் தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு பொடி கொடுத்திருந்தார். அப்பா தண்ணீரில் கலந்தார், காபியில் கலந்தார், மோரில்கூடக் கலந்தார். அப்படியும் மதியமானால் அம்மாவுக்குப் புரையேறியது. ஒரு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா தெளிந்த ரசத்தை ஆற்றி, ஸ்பூனால் ஊட்டினார். அம்மா இருமினாள்.

"இதுல பொடி போடலையாப்பா?"

"ரசத்துலயா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணிக்குத்தானடா பொடி. ரசம் மருந்து. காய்ச்சக்காரனுக்கே இதைத்தான குடுக்குறோம்?"

"தொண்டையில ஒரு வால்வு இருக்குப்பா. அம்மாவுக்கு இப்ப அது லேட்டா மூடுது. நீர்க்க இருந்தா அதுக்குள்ள மூச்சுக்குழாய்ல எறங்கிரும். கெட்டியா இருந்தா மெதுவாப் போகும்."

மெக்கானிக்குக்கு வால்வு என்றால் போதும். ஸ்பூனைக் கீழே வைத்தார். "அப்ப இத்தனை நாளும் நாந்தானா..."

"அழுகாச்சி வேணாம்," என்றாள் அம்மா. "சோறு, பருப்பு, ரசம், எல்லாத்தையும் மிக்சியில போட்டு அரைங்க."

"ரசத்தை அரைக்கிறதா? ஊர்ல கேட்டாச் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். ஜல்தி."

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அரைக்கலாம், கட்டி தட்டக் கூடாது, தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டும் என்றார். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும்; அதுதான் பதம். அப்பா ஒவ்வொரு வேளையும் ஸ்பூனை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்க் கேப்பை மாவு வாங்கி வந்து கூழும் கிண்டினார். அரைத்த ரசம் பார்க்கச் சகிக்காது. அம்மா சாப்பிட்டாள்.

ஒரு வாய் இறங்கும் முன் அப்பா அடுத்ததை நீட்டினால் கையைத் தூக்கித் தடுப்பாள். "ஃபைலு என் டேபிள்ல இருக்கு. நான் கையெழுத்துப் போட்டப்புறம்தான் அடுத்தது."

"சரிங்க மேடம்."

புரையேறுவது குறைந்தது. பிறகு நின்றது.

சொன்ன நாளில் போனபோது டாக்டர் தன் முன்னாலேயே ஊட்டச் சொன்னார். அம்மா தாடையைத் தாழ்த்தினாள், விழுங்கினாள், வாயைத் திறந்து காட்டினாள். கிண்ணம் காலியாகும் வரை ஒரு இருமல் இல்லை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "அபீ ட்யூப் நஹீ," என்றார். இப்போதைக்குக் குழாய் வேண்டாமாம்.

"அந்த 'அபீ'யை அடிச்சிட்டு எழுதச் சொல்லுடா," என்றாள் அம்மா.

நான் ஹிந்தியில் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, குழாய் தேவையில்லை என்று மட்டும் எழுதினார். அம்மா அதை வாங்கி முழுக்கப் படித்தபிறகுதான் மடித்தாள்.

ஆட்டோவில் அப்பா அவள் கையை விடவில்லை. "ராத்திரிக்கு என்ன அரைக்கட்டும்?"

"வத்தக்குழம்பு," என்றாள். "மூஞ்சியைச் சுளிக்காம அரைக்கணும்."