ஏஐயிடம் கேட்டேன் என்று எழுதியவள்

எங்கள் கல்லூரியில் அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுதித் தர வேண்டும். கையால் எழுதியது சொந்தமாக எழுதியது என்பது துறைத்தலைவரின் நம்பிக்கை. பிள்ளைகள் போனில் ஏஐயைக் கேட்டு, வந்ததை அப்படியே நீல மையில் தாளில் இறக்குவார்கள். தலைப்புக்குக் கறுப்பு மை, ஓரத்தில் பென்சில் கோடு.

இந்த வருடம் சர்க்குலர் வந்தது: ஏஐயைப் பயன்படுத்தலாம், எதற்கென்று கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த வகுப்பின் ஆசிரியையாக அதை வாசித்தவள் நான். அசைன்மென்ட் தலைப்பு, 'எங்கள் ஊர் ஏரி'. இதற்குக் கிடைக்கும் இன்டர்னல் மார்க் இல்லாமல் அந்தப் பாடத்தில் தேற முடியாது.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி மட்டும் அப்படி எழுதியிருந்தாள்: 'பத்திகளை வரிசைப்படுத்த ஏஐயைக் கேட்டேன். செய்திகள் அப்பா சொன்னவை.' அவள் அப்பா ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர்.

துறைத்தலைவர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "மகாராணி ஒத்துக்கினாங்க, பாருங்க. மெஷினு எழுதினதுக்கு நான் மார்க்கு போடணுமாம்."

வகுப்பு சிரித்தது. அதிகம் சிரித்தவன், 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' என்ற ஏஐயின் கடைசி வரியையும் முத்து முத்தாகப் படியெடுத்திருந்தான். அவனுக்கு முழு மார்க்.

"சார், சர்க்குலர்ல எழுதச் சொல்லிக்கீது சார்" என்றாள் அவள்.

"அப்படியா? இங்கயே எழுது, போன் இல்லாம. பாக்கலாம்."

மேசையருகே நின்றபடியே எழுதினாள். முன்பைவிட நன்றாக இருந்தது. மதகுப் பலகையைத் தூக்கியதும் கணுக்காலில் வந்து மோதும் குளிர், தண்ணீர் எட்டாத கடைசி வயல்காரர்கள் அப்பாவைத் திட்டும் வசவு, எல்லாம் இருந்தன.

படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டார். "இத்தயும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்துகிறே. எமகாதகி." முட்டை போட்டார்.

"சார், சர்க்குலர்படி..." என்று நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க மேடம்."

முதல்வரிடம் போனேன். துறை விஷயத்தில் தலையிட மாட்டேன் என்றார். அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை.

அடுத்த செமஸ்டரில் அவளுடைய அசைன்மென்ட் 'நீர் என்பது உயிர்களின் ஆதாரமாகும்' என்று தொடங்கியது. அதில் ஊர் இல்லை, மதகு இல்லை, அப்பா இல்லை. கடைசிப் பக்கத்தில், 'ஏஐ பயன்படுத்தப்படவில்லை.'

துறைத்தலைவர் முழு மார்க் போட்டு, தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "சொந்தமா எழுதினா இப்படித்தான் இருக்கும். பாத்துக்கோங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.