மேட்டில் நின்ற காற்று

எங்கள் வீட்டில் சமைக்க வரும் மாவ்ஷிக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. புனேயில் சமைக்க வருகிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ரசத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடாமல் அவரால் இருக்க முடியாது. அதைக் கண்டுபிடித்துச் சண்டை போடாமல் என்னால் இருக்க முடியாது. ஏழு வருஷமாக இப்படியே ஓடுகிறது. இரண்டு நாள் அவர் வராவிட்டால் எனக்குக் கை ஒடிந்தது போலிருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஊர் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன வாடி, நம் ஊர்க் குக்கிராமம் மாதிரி. இருபது வீடு இருந்தால் அதிகம். காரில் மூன்று மணி நேரம் போய், பிறகு கல்லும் முள்ளுமாக நடக்க வேண்டும். மாவ்ஷியின் ஒரே மகன் அங்கே நெல்லும் நாலு மாடுமாக இருக்கிறான். முப்பத்து மூன்று வயது. நல்ல பையன், நல்ல உழைப்பாளி, ஆனால் பெண் கொடுக்க ஆளில்லை. காரணம் தண்ணீர். ஊற்று இருப்பது வாடிக்கு மேலே காட்டுக்குள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஜூன் வரை பெண்கள் அங்கே ஏறிப்போய்க் குடத்தில் சுமந்து வர வேண்டும். வீடு பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் அந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்ததும் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டன.

மூன்றாவது குடும்பம் போன மறுநாள் மாவ்ஷி என் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல, "தண்ணி வீணாப் போகுது மாவ்ஷி, மூடுங்க" என்று கத்தினேன். அவர் மூடிவிட்டு விஷயத்தைச் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் கோயம்புத்தூர்க்காரி. அப்பா பம்புப் பட்டறை வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட எங்கள் வீட்டில் மோட்டார் பேச்சுத்தான். நான் புனேக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு ஆலையில் குழாய் லைன் போடும் பிரிவில் என்ஜினியர். அந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரை இழுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். ஊற்று மேலே, வீடுகள் கீழே. தண்ணீர் தானாக இறங்கிவிடும், கரண்டே வேண்டாம். இதற்கா இத்தனை வருஷம் சுமந்தார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மழை ஓய்ந்ததும் வேலையை ஆரம்பித்தோம். ஆலை நண்பர்கள் சிலர் சனி ஞாயிறுகளில் வந்தார்கள். ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஆடு மாடு வாய் வைக்காதபடி மூடி போட்டோம். அங்கிருந்து கறுப்புக் குழாய். அதைப் புதைக்கக் குழி வெட்டியது முழுக்க வாடிக்காரர்கள்தான். வழியில் ஒரு மேடு குறுக்கிட்டது. "ஊத்தைவிடத் தாழ்வாத்தானே இருக்கு, ஏறி இறங்கிரும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். ஜனவரியில் வாடித் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வீட்டுக்கு வீடு குழாய். மாவ்ஷி தன் வீட்டுக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். என் நெற்றியிலும் வைத்தார். அவரைக் கட்டிக்கொண்டு நான் அழுததை என் கணவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

தண்ணீர் வந்த சேதி பரவியதும் ஏப்ரலில் நாலாவதாக ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. மாவ்ஷி லீவு போட்டுவிட்டு முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டார். அவர்கள் வரும் நாளன்று காலை எட்டரைக்கு நானும் கணவரும் வாடியை அடைந்தபோது மாவ்ஷி ஓடி வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து தண்ணி இல்ல. வெறும் காத்துதான் வருது. பதினோரு மணிக்கு அவங்க வந்துடுவாங்க."

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. கோடையில் ஊற்று குறைந்ததும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. புகுந்த காற்று மேட்டின் உச்சியில் போய் அடைத்துக்கொண்டது. அந்த இடத்தில் காற்று வெளியேற ஒரு வழி வைத்திருக்க வேண்டும். படிப்பில் முதல் வருஷத்துப் பாடம். நான் வைக்கவில்லை. பம்பு தள்ளும் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவளுக்கு, தள்ள யாருமில்லாத தண்ணீர் எப்படி நடக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மேட்டுக்கு ஏறும்போது என் கணவர், "மோட்டார் இருந்திருந்தா இந்நேரம் தள்ளியிருக்கும், இல்ல கண்ணு?" என்றார்.

"ஏனுங்க, வாய மூடிட்டு வரீங்களா?" என்றேன்.

உச்சியில் மண்ணைத் தோண்டி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குழாயில் ஒரு ஓட்டை போட்டோம். காற்று சீறிக்கொண்டு வந்தது, நிற்கவே இல்லை. காத்திருந்த நேரத்தில் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். வாடிப் பெண்கள் அத்தனை பேரும் பழைய பாதையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஊற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்லிச் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. என் கணவர் ஒரு குச்சியைச் செதுக்கி அதை அடைத்தார். தண்ணீர் இறங்கித் தொட்டிக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும்.

நாங்கள் இறங்கி வந்தபோது விருந்தாளிகள் வந்து, அவலும் டீயும் ஆகியிருந்தது. பெண்ணின் அம்மா, மாமா, இரண்டு பெரியவர்கள். வழக்கமாக வீடு பார்க்கப் பெண் வராது. இந்தப் பெண் அடம்பிடித்து வந்திருந்தது. அம்மா எழுந்து நேராகக் குழாயிடம் போய்த் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அவர் ஒரு கை ஏந்திக் குடித்தார். "நல்ல தண்ணி" என்றார். மாவ்ஷி முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் ஏழு வருஷத்தில் பார்த்ததில்லை.

சுற்றி நின்ற பெண்களின் தோளெல்லாம் ஈரம். ஒருத்தி தலையிலிருந்து சும்மாட்டை எடுக்கவே மறந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் சுபாவம் அது இல்லை.

"இது மேலேர்ந்து குழாயில வந்த தண்ணி இல்லீங்க," என்றேன், என் அரைகுறை மராத்தியில். "நான் செஞ்ச தப்புல குழாய் அடைச்சுக்கிச்சு. இவங்கதான் காலையிலேர்ந்து சுமந்து ஊத்தினாங்க. இப்ப சரி பண்ணிட்டோம். ஒரு மணி நேரத்துல வந்துடும்."

மாவ்ஷி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்றிருந்தது.

பெண்ணின் அம்மா குழாயை மெதுவாக மூடினார். "என்னைக் கட்டிக் கொடுக்கறதுக்கு முந்தியும் எங்க வீட்டு ஆளுங்க போய்ப் பார்த்தாங்க," என்றார். "தொட்டி நிறைய தண்ணி இருந்துது. கல்யாணத்துக்கு மறுநாள் என் கையில குடத்தைக் கொடுத்தாங்க. இருபது வருஷம் சுமந்தேன். அன்னிக்கு யாரும் வாயத் திறக்கல." பிறகு மாமாவைப் பார்த்து, "உக்காருங்க. வர்றதைப் பார்த்துட்டே போவோம்" என்றார்.

எல்லோரும் தொட்டியருகே போய் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையிலேயே நீளமான ஒரு மணி நேரம் அதுதான். குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண்ணாக ஒரு வாய் துப்பியது. அதற்குப் பிறகு தெளிந்து, விடாமல் விழ ஆரம்பித்தது. வாடிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாவ்ஷி மட்டும் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

அதுவரை வாயைத் திறக்காத பெண் என் பக்கம் திரும்பியது.

"திரும்பக் காத்து அடைச்சா யார் எடுத்து விடுவாங்க?"

"நான்தான் வரணும். அடுத்த வாரம் அங்க ஒரு வால்வு வைக்கிறேன். ஆனா அதையும் யாராவது அப்பப்பத் திறந்துவிடணும்."

"நீங்க புனேயிலேர்ந்து வர்ற வரைக்கும் நான் குடம் தூக்கணுமா?" என்றது. "எந்த இடம்னு இப்பவே காட்டுங்க."

மாவ்ஷி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். நானும் அந்தப் பெண்ணும் மேட்டுக்கு ஏறினோம்.