பத்து வருஷம் மட்டும் கேட்கச் சொன்னார்கள்

பிரசெல்ஸில், லக்சம்பர்க் சதுக்கத்துக்குப் பின்சந்தில், அளவு நாடா செய்கிற பட்டறைக்காரர்களின் சங்கத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. மூன்றே மேசைகள். அதில் ஒன்றில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள் கிஸ்லேன். வயது ஐம்பத்தாறு. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம் தள்ளியாக வேண்டும். அந்த வயதில் அந்த ஊரில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்?

சங்கத்தின் பிழைப்பே ஒரு விதியை நம்பித்தான். பொருளில் மெட்ரிக் அளவு மட்டுமே இருக்கவேண்டும், பக்கத்தில் அங்குலம் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் கெடு வைத்திருந்தது. அமெரிக்காவுக்கும் விற்கிறவனுக்கு ஒரே நாடாவில் இரண்டையும் அச்சடித்தால்தான் கட்டுப்படியாகும். கெடு நெருங்கும்போதெல்லாம் சங்கம் ஓடிப்போய் இன்னும் பத்து வருஷம் கேட்கும். கிடைக்கும். கிடைத்த கையோடு அடுத்த கெடுவைக் காட்டி எல்லாரிடமும் சந்தா வாங்கும். மானங்கெட்ட பிழைப்புதான், ஆனால் நடந்தது.

இயக்குநர் பெர்சிவல் லண்டன்காரர், தேனொழுகப் பேசுகிறவர். பனிச்சறுக்கு விடுமுறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "பத்து வருஷம் கேளுங்க, கிஸ்லேன். பதினொன்னு கூட வேண்டாம்."

ஒரே வாசகத்தில் ஐம்பது கடிதம் போனால் அதிகாரிகள் அதை ஒரு கடிதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இது தெரியாமல் இன்றைக்கும் மூக்குடைபடுகிற சங்கங்கள் உண்டு. கிஸ்லேன் அறுபத்து மூன்று பட்டறைக்காரர்களையும் தொலைபேசியில் பிடித்து, அவரவர் கஷ்டத்தை அவரவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். ரோஸ்விதா என்ற ஜெர்மன்காரி எழுதுவதற்குள் அழுதேவிட்டாள். புருஷன் போனபின் இருபது ஆட்களை வைத்துப் பட்டறை நடத்துகிறவள். கெடு வருகிறது, கெடு வருகிறது என்று பயந்தே பாதி ஆயுசு போய்விட்டது என்றாள். அந்த அழுகை கிஸ்லேன் மனசில் தங்கிவிட்டது. அதுதான் வினை. இந்தத் தொழிலில் உறுப்பினர்களுக்காக வருந்துகிற மாதிரி காட்டிக்கொள்ளலாம், நிஜமாகவே வருந்தக் கூடாது.

கடிதங்களை எல்லாம் ஒன்று விடாமல் படித்த ஆணையத்து அதிகாரி லீனோ, மத்தியானம் சதுக்கத்துப் பெஞ்சில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே அவளைக் கேட்டார்: "இவ்வளவு தூரம் கஷ்டப்படுறாங்களே, உங்க சங்கம் என்னதான் கேட்குது? பத்து வருஷமா, இல்ல கெடுவே வேண்டாங்கிறீங்களா?"

பெர்சிவலைக் கூப்பிட்டிருக்கலாம். கைபேசி கைப்பையில்தான் கிடந்தது. அவளோ ரோஸ்விதாவை நினைத்துக்கொண்டாள்.

"கெடுவே வேண்டாம்," என்றாள்.

அதையே எழுத்திலும் கொடுத்தாள். இரண்டு வருஷம் இழுத்து, நாடாளுமன்றம் தாண்டி, கெடு அடியோடு போயிற்று. சங்கத்தில் ஷாம்பெய்ன் உடைத்தார்கள். ஆளாளுக்கு அவள் கன்னத்தில் முத்தமிட்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே, பயம் இல்லாத இடத்தில் சந்தா எதற்கு என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் கைதூக்கினார்கள், அலுவலகத்தை மூடுவதென்று முடிவாயிற்று. பெர்சிவலுக்கு என்ன, ஜாம் புட்டிக்காரர்கள் சங்கத்தில் நாற்காலி தயாராக இருந்தது. போகும்போது அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் உங்களைக் கேட்கத்தானே சொன்னேன், கிஸ்லேன். ஜெயிக்கவா சொன்னேன்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உறுப்பினர் பட்டியலை எடுத்தாள். விதிகளுக்கா அந்த ஊரில் பஞ்சம், இன்னொன்று வரத்தான் போகிறது, பாதிச் சந்தா கொடுத்தால்கூடத் தான் ஒருத்தியாகவே பார்த்துக்கொள்வதாக ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நன்றியெல்லாம் வாய் நிறையச் சொன்னார்கள், சந்தா என்றதும் நழுவினார்கள். நழுவியவர் பெயரைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தாள். ரோஸ்விதா கைவிடமாட்டாள் என்று அவளைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

இவள் குரலைக் கேட்டதுமே ரோஸ்விதா பூரித்துப்போனாள். இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாளாம். எல்லாம் கிஸ்லேன் புண்ணியமாம். கிஸ்லேன் சந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"பிரச்சினைதான் தீர்ந்துபோச்சே, கிஸ்லேன்," என்றாள், நிஜமாகவே புரியாமல். "இனிமே நீங்க எதுக்கு?"

கிஸ்லேன் அவள் பெயரையும் அடித்தாள். அறுபத்து மூன்றும் முடிந்தது.