ஆயாக் கொட்டகைச் சுவரைப் படம் பிடிக்கப் புக்கிட் ரோத்தான் போன கதை

புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு எப்படிப் போவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் போனது எண்பதுகளின் நடுவில், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கோபத்தோடு போனேன், அதைவிடப் பெரிய கோபத்தோடு திரும்பினேன். இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஓவியர். கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக ஓவிய விரிவுரையாளர். பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் போனபோது தேர்வுக் குழு ஒரு கேள்வி கேட்டது: "மக்கள் மத்தியில் வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், சான்று எங்கே?"

சான்று இருந்தது. கல்லூரிக்கு வருமுன் அவர் தோட்டப் பள்ளியில் வாத்தியார். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையின் வெளிச்சுவர் முழுக்க ஒரு படம் வரைந்திருந்தார். விடியுமுன், வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டுதான் படம். ஆள் உயரத்துக்குப் பத்தொன்பது பேர், அத்தனையும் அங்கே வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்காரர்களின் சொந்த முகங்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். பிறகு அவர் வரைந்த எதுவும் அதன் கால் தூசிக்குக் காணாது. ஆனால் மனிதர் ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை.

"போய் எடுத்துக்கிட்டு வாங்க" என்றால், "நான் போய் அவங்களுக்காகப் படம் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று வீறாப்பு வேறு. குழு கூடுவது அடுத்த வெள்ளிக்கிழமை. நானே மண்டோருக்குக் கடிதம் போட்டேன்: ஐயா வரைந்ததைப் படம் பிடித்துக் காலேஜ் பெரியவர்களிடம் காட்ட வேண்டும், சனிக்கிழமை காலை வருகிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

காலை 7.15க்குக் கோலசிலாங்கூர் பேருந்து, கட்டணம் இரண்டு வெள்ளி எண்பது காசு. சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகப் போய் 9.10க்குப் புக்கிட் ரோத்தானில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டம் நாலு கட்டை, அதாவது ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காதர் பாய் என்பவரின் டாக்சி மூன்று வெள்ளிக்கு வந்தது. செம்மண் சாலை, முன்னால் ஒரு செம்பனை லோரி, வாயெல்லாம் புழுதி.

"தோட்டத்துல யாரும்மா, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார் காதர் பாய்.

"ஒரு சுவர் இருக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

தோட்டத்துக்குள் நுழைந்தோம். கால்வாய் ஓரமெல்லாம் புல் வெட்டியிருந்தது. வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்தது. ஆயாக் கொட்டகை கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையாக நின்றது. பத்தொன்பது பேரில் ஒருவர்கூட இல்லை.

மண்டோர் பெருமாள் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். "நேத்து சாயங்காலந்தாம்மா முடிச்சோம். ரெண்டு தரம் சுண்ணாம்பு. ஒரு அழுக்கு இருக்கா பாருங்க!"

வெளியிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். என் கடிதத்தைப் பார்த்ததும் அதையேதான் செய்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்போடு நீலச் சாயமும் சேர்ந்து உதிர்ந்தது.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அறிவிருக்கிறதா என்றேன். ஒரு மனிதனின் வாழ்க்கையை அழித்துவிட்டீர்கள் என்றேன். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். "அம்மா, மெதுவா லா" என்று காதர் பாய்கூடச் சொல்லிப் பார்த்தார்.

முனியம்மா என்ற நடுவயதுப் பெண் முன்னால் வந்தார். "படம் வெளுத்துப் போயி, பாதி மூஞ்சி உரிஞ்சு கெடந்துச்சும்மா. ஐயா இப்ப பெரிய எடத்துல இருக்காரு. அந்த அழுக்கப் போட்டோ புடிச்சுக் காட்டுனா அவருக்குத்தானே கேவலம்? அதான் எல்லாருமா சேந்து அடிச்சோம்."

எனக்குக் கோபம் போகவில்லை, யார் மேல் என்றுதான் தெரியாமல் போனது.

பெருமாள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, பெரட்டில் கூப்பிடுகிற குரலில் பெயர் சொல்ல ஆரம்பித்தார். முனியம்மா போய் இடமிருந்து நாலாவது இடத்தில் நின்றார். இன்னொருவர் ஏழாவதில். அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. பதினோரு பேர் நின்றார்கள். செத்தவர்கள், வேறு ஊருக்குப் போனவர்கள் என்று எட்டுப் பெயருக்குப் பதில் வரவில்லை. அந்த எட்டு இடத்தையும் யாரும் நெருங்கி நின்று அடைக்கவில்லை. நான் அழுதுகொண்டேதான் படம் எடுத்தேன். முழுச் சுருள், முப்பத்தாறு.

வீட்டில் அவர் கழுவி வந்த படங்களில் ஒன்றை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முனியம்மாவுக்கும் அடுத்தவருக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தைத் தொட்டு, "அஞ்சலை எங்க?" என்று கேட்டார். போன வருடம் இறந்துவிட்டாராம் என்றேன்.  வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத்தான் குழுவிடம் கொடுத்தார். "வெள்ளைச் சுவர் முன் தொழிலாளர்கள். ஓவியம் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இந்த ஒரு வரியை எழுத மூன்று பேர் கையெழுத்து.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் செம்மண் சாலையில் வண்டி நகராது. திரும்பும் பேருந்து எனக்கு 2.40க்குக் கிடைத்தது. நான் சொன்ன கட்டணமும் நேரமும் அந்தக் காலத்துக் கணக்கு, விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய சுவர் உங்களுக்கு இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். போனதும் முதலில் படம் எடுங்கள், பிறகு காப்பி குடிக்கலாம். யாரிடமும் கத்தாதீர்கள். நான் முனியம்மாவிடம் மன்னிப்புக் கேட்காமலே வண்டி ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது, ஆள் முகமே இல்லாத ஏழு படங்களுக்காக. அக்கம்பக்கத்தார் வந்து, பாயசம் எங்கே என்று கேட்டார்கள். நான் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.