ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு வீடு

முப்பத்தோரு வருடம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போன பிறகு, போதும் என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துபோனது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னால் போகிற ரோட்டில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். கேபினில் இருந்தவரை இது எனக்குத் தெரியாது. மேலே உட்கார்ந்தால் நாம் நகர்வோம், மற்றவன் ஒதுங்குவான், அவ்வளவுதான். ரப்பர் செருப்பும் கையில் பால் பாக்கெட்டுமாகக் கீழே நின்று பார்த்தால்தான் சங்கதி விளங்கும். ஷேர் ஆட்டோக்காரன் இடது பக்கம் ஆள் தேடிக்கொண்டே வலது பக்கம் வண்டியைத் திருப்புவான். தண்ணீர் லாரிக்காரன் ரோட்டைக் கழுவிக்கொண்டே போவான். மோட்டார் மாட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஐஸ் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ராங் சைடில் வரும். அதற்கு பிரேக் உண்டா இல்லையா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பைக் ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால் இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

காலையில் மாடியில் நின்று திட்ட ஆரம்பிப்பேன். "ஏய் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"யோவ், இன்னாய்யா காலாங்காத்தால கத்திக்கினு கீற? ரோடு இன்னா உன் மாமனார் வூட்டுதா?"

"உங்கப்பன் வூட்டு ரோடா இருந்தா இதவிடக் கலீஜா இருந்திருக்கும்மே," என்பேன். இப்படியே போகும்.

உண்மையில் அது கோபமில்லை, பயம். எனக்காக அல்ல, அவளுக்காக. எங்கள் வீடு கடல் பக்கம். மாதா கோயில், மார்க்கெட், அவள் தங்கை வீடு எல்லாம் எதிர்ப்பக்கம். மாதா கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாக அவள்தான் முதல் குரல். விடிந்தும் விடியாமலும் குளித்து, ஈரத் தலையோடு அவள் ரோட்டைக் கடப்பாள். சிக்னல் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய் யாரும் கடப்பதில்லை. எங்கள் தெருமுனைக்கு நேராக, ரோட்டின் நடுச்சுவரில் யாரோ எப்போதோ உடைத்து வைத்த சந்து ஒன்று உண்டு. எல்லாரும் அதில்தான் புகுந்து போவார்கள்.

துறைமுக கேட்டுக்குப் போகிற ட்ரெய்லர்கள் எங்கள் பக்கத்தில்தான் வரிசை கட்டி நிற்கும். சில நாள் மணிக்கணக்காக நிற்கும். நிற்கிற ட்ரெய்லரின் மூக்கை ஒட்டினாற்போல நடந்து சந்துக்குப் போவது எங்கள் ஜனங்களுக்குப் பழக்கம். ஓடுகிற வண்டி என்றால் பார்த்துப் போவார்கள். நிற்கிற வண்டிக்கு யார் பயப்படுவார்கள்? நான் பயப்படுவேன். ஏன் என்று மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

"வேற எங்கனா போயிடலாம்மே. கடைசிக் காலத்துல கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்," என்றேன்.

"எனுக்கு இன்னா கொறச்சல் இங்க?" என்றாள்.

ஆனாலும் பார்க்க வந்தாள். பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். முதலில் புழல் பக்கம் ஒரு வீடு. ஏரிக்காற்று வருகிறது, நல்ல வெளிச்சம், தெருவில் வேப்பமரம். எனக்குப் பிடித்துவிட்டது. அவள் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னாள்: "ஜெயிலு பக்கத்துல கூட்டிக்கினு வந்து வெக்கிறியே, நான் இன்னா குத்தம் பண்ணேன்?" புரோக்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது மீஞ்சூர். ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டிய வீடு. "ஒரு வண்டி வராது சார்," என்றார் புரோக்கர், என் மனசைப் படித்தவர் மாதிரி. நிஜம்தான். நாங்கள் அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒரு சைக்கிள்கூடத் தெருவில் வரவில்லை. ஆளும் வரவில்லை. அவள் வாசல்படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏன்யா, செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு வருவாங்களா இங்க?"

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே முடிவைச் சொல்லிவிட்டாள். "நான் வர்ல. நீ வேணும்னா போய் இரு. ஞாயித்துக்கெயம கொயம்பு கொண்டாந்து தரேன்."

அவள் விளையாட்டாகப் பேசும்போது குரல் மேலே போகும். அன்றைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. தட்டு மட்டும் 'டங்' என்று வந்து விழும். இந்த வயதில் தனித்தனியாக வாழப் போகிறோமா என்று எனக்கு நிஜமாகவே கலக்கம் வந்துவிட்டது. அவள் இல்லாமல் மீஞ்சூரில் எனக்கு என்ன வேலை? இங்கேயே இருந்தால் தினமும் காலையில் மாடியில் நின்று எத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது?

நான்காம் நாள் காலை. பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். வரிசை நின்றிருந்தது. அவள் ஒரு ட்ரெய்லரின் முன்னால் போய் நின்று, சந்தின் அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையின் முன்பக்கம் பிரேக் விடுகிற காற்றுச் சத்தம் கேட்டது. வரிசை நகரப் போகிறது என்று அர்த்தம். எனக்கு வேறெதுவும் நினைவில்லை. முழங்காலாவது ஒன்றாவது, படி இறங்கி ஓடினேன். போய் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, நடு ரோட்டில், எதிரே காத்திருந்த பாடகர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, என்னென்னவோ கத்திவிட்டேன். அந்த ட்ரெய்லர் நகரவே இல்லை. டிரைவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தான்.

அன்றைக்கு அவள் பூசைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அழுதிருந்தாள்.

"எல்லாரு எதுர்லயும் மானத்த வாங்கிட்ட. இப்ப சொல்லு. உனுக்கு இன்னாதான் பிரச்சன?"

சொன்னேன். பல வருடத்துக்கு முன்னால், இதே ரோட்டில், இதே மாதிரி வரிசையில் நின்றிருந்தேன். முன் வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்தேன். நான் சத்தியமாகப் பார்த்தேன். கியர் போட்டு நகர்த்தினேன். ஓர் ஆள் நீளம்கூடப் போயிருக்க மாட்டேன். டீக்கடையிலிருந்து ஒருத்தர் அலுமினியக் குவளையை எடுத்து என் முன் கண்ணாடியில் வீசினார். ஆத்திரத்தோடு பிரேக் அடித்து, சண்டைக்கு இறங்கினேன். இறங்கிப் பார்த்தால், என் பம்பருக்கு அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடக்கும்போது செருப்பு வார் அறுந்திருக்கிறது, எடுக்கக் குனிந்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அறுந்த செருப்பு கையிலேயே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து நின்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வண்டி எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? அதற்கப்புறமும் பதினெட்டு வருடம் ஓட்டினேன்.

என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் நம்பவில்லை. "அம்மாம் ஒசரத்துல உக்காந்துகினு, அம்மாம் பெரிய கண்ணாடி வெச்சிக்கினு, கீய நிக்கற பொம்பள தெரியாதா? நீ எங்கனா பராக்குப் பாத்துகினு இருந்திருப்ப," என்றாள்.

வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றியது. காட்டிவிட்டால் பயந்து மீஞ்சூருக்குக் கிளம்பிவிடுவாள் என்றும் ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. மறைக்க மாட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வரிசை அசையாமல் நின்றது. சேலம் பக்கத்து டிரைவர் ஒருத்தர் வண்டி நிழலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பழைய ஆள் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னங்கண்ணா, அக்காவ ஏறச் சொல்லுங்க," என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் ட்ரெய்லர் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னாய்யா, கடலு தெரியுது!" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் கீழே நடந்தேன். "தெரியறனா?" என்று கத்தினேன். "தெரியற, தெரியற. தலைல சொட்ட தெரியுது." முன்பக்கம் வந்தேன். "இப்ப?" "தெரியற." இடது மூலைக்கு, அவள் தினமும் நடக்கிற இடத்துக்கு வந்து பம்பரை ஒட்டி நின்றேன். "இப்ப?"

பதில் இல்லை.

"கண்ணாடில பாரும்மே. ரெண்டு கண்ணாடிலயும் பாரு." கையைத் தூக்கி ஆட்டினேன். "கை தெரியுது. வெறும் வெரலு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. நான் கையை இறக்கிக் குனிந்தேன், அந்தப் பெண் குனிந்த மாதிரி. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். மேலேயிருந்து அவள், "யோவ்! யோவ்! எந்திரிய்யா!" என்று அலறினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

இறங்கி வந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"இத்தினி வருசமும் இப்பிடியேதான் ஓட்டினியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியவில்லை என்று மாடியில் நின்று கத்தியவன் நான். அவள் செருகிய புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவளேதான் இரண்டு நாள் கழித்து வழி கண்டுபிடித்தாள். "மீஞ்சூரும் வாணாம், ஒண்ணும் வாணாம். ரோட்டுக்கு அந்தாண்ட போயிடலாம். கோயிலு அங்க, மார்க்கெட்டு அங்க, தங்கச்சி அங்க. நான் எதுக்குத் தாண்டணும்?" இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் பின் தெருவில், தரைத் தளத்தில் வீடு கிடைத்தது. பாடகர் குழுப் பெண்கள் ஆளுக்கொரு மூட்டை தூக்கினார்கள். பீரோவை மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். ராங் சைடில்தான் போனான், நான் வாயைத் திறக்கவில்லை. புழல், மீஞ்சூர் என்று அலைந்தவன் கடைசிக் காலத்துக்குத் தேடிக்கொண்ட இடம், பழைய வீட்டு மாடியிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

முதல் மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் பூசைக்குப் போவாள், மார்க்கெட்டுக்குப் போவாள், தெருவுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். நான் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, சந்தில் புகுந்து, கடல் பக்கம் போய்விடுவேன். என் டீக்கடை அங்கேதான். என்னோடு ஓட்டிய ஆட்கள் உட்காரும் சிமென்ட் பெஞ்சும் அங்கேதான். நான் கிளம்பும்போது அவள் ரோட்டு முனை வரை வந்து நிற்பாள். காற்று வாங்க வருகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒருநாள் டீக்குப் போகும்போது, வரிசையில் தெரிந்த டிரைவர் ஒருத்தன் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டயரில் ஆணி. நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது தகரத்தை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் அந்தப் பக்கம் கேபின் கதவை யாரோ உள்ளங்கையால் அறைகிறார்கள்.

"டேய் பேமானி! நவுராதடா! கீய ஆளு கீறாருடா! நவுந்த, கொளுத்திடுவன்டா வண்டிய!"

எட்டிப் பார்த்தேன். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், சந்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறாள் என் மனைவி. ஆளே இல்லாத கேபினைப் பார்த்துக் கத்துகிறாள். நான் வாழ்க்கையில் பேசாத வார்த்தையெல்லாம் அந்தப் பாட்டுக்காரி வாயிலிருந்து வந்தது. பின்னால் நின்ற ட்ரெய்லர்க்காரர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

நான் எழுந்து முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கை அப்படியே கதவில் நின்றது. பிறகு அந்தக் கையை என் மார்பில் வைத்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இம்மாம் வருசமா," என்றாள், "இந்த பயத்த நீ ஒண்டியாவே வெச்சிக்கினு இருந்தியாய்யா?"

ஆமாம் என்றேன்.