சங்கையா வைத்த கத்தரிக்காய்க் குழம்பு

சங்கையாவுக்குக் கைதான் முதலில் பேசும். நரிக்குடி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி போடுகிறவன். தொடை எலும்பை ஒரே வெட்டில் துண்டாக்குவான். அந்தக் கையைக் கடையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர அவனுக்குத் தெரியாது.

கத்தரிக்காய்க் குழம்பில் புளி தூக்கல் என்று ஒருநாள் தட்டை வீசினான். பிறகு பெண்டாட்டி அழகுத்தாயை அறைந்தான். அவள் அடுப்படி நிலையில் போய் விழுந்ததில் முன்பல் தெறித்தது. வாயில் துணியை அமுக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். டவுனை ஒட்டிய பாளையம்பட்டியில் அண்ணன் முத்துராமலிங்கம் வீட்டில் இருந்துகொண்டு மில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் சங்கையாவுக்குப் பக்கத்து வீடு. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போனபோது நானும் போனேன். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அழகுத்தாய் வாயைத் திறந்தாள்.

"கத்தரிக்கா வெதை போடுறதுல இருந்து கொழம்பு எறக்குற வரைக்கும் அவுகளே செய்யட்டும். பொம்பள கை படக்கூடாது. நான் வந்து சாப்ட்டுப் பாக்குறேன். வாரதா வேண்டாமான்னு பெறகு சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. "கறிக்கடைக்காரன் கத்தரிக்கா வளக்கப் போறானாம்ல" என்றான் ஒருவன். சங்கையா அவனை முறைத்தான். சொன்னவன் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"வளக்குறேன்" என்றான் சங்கையா.

அவன் வீட்டுக்குப் பின்னால் கட்டாந்தரை. கடப்பாரை போட்டால் கை அதிரும். பகையாளியை அடிக்கிற மாதிரி அந்தத் தரையை அடித்தான். மண்வெட்டிக் காம்பு முறிந்தது. முறிந்த காம்பையும் கல்லில் ஓங்கி அடித்துச் சிலாம்பு சிலாம்பாக்கினான். எப்படியோ விதை முளைத்தது. நாற்றைப் பிடுங்கி நட்டான்.

அதன்பிறகு செய்தான் பாருங்கள், கறிக்கடைக்காரனைத் தவிர வேறு யாரும் செய்யாத காரியம். கடையில் மிஞ்சிய ரத்தத்தையும் குடலையும் பச்சையாகவே கொண்டுவந்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் குழி தோண்டிப் புதைத்தான்.

"ஏலே, நாறிப் போகும்ல" என்றேன்.

"மனுசனுக்கு ரத்தம் ஊறுனா தெம்பு வருது. செடிக்கு மட்டும் வராதாக்கும்?"

மறுநாளே ஊர் நாய்கள் வந்துவிட்டன. பாதிச் செடியைத் தூரோடு கிளறிப் போட்டன. விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு புகுந்தான். ஒரு நாய்க்கு முதுகு முறிந்தது. அது பின்காலை இழுத்துக்கொண்டே வேலிக்குள் போய் விழுந்து, சாயங்காலம் வரை கத்திச் செத்தது. அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மிச்சச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான்.

குடல் இன்னும் மண்ணுக்குள்தானே கிடக்கிறது. அந்த வாரமே ஒரு விடிகாலையில், கண்மாய்க் கருவேலங்காட்டிலிருந்து காட்டுப்பன்றி வந்தது. சங்கையா அரிவாளோடு பாய்ந்தான். முதல் வெட்டு அதன் தோளில் விழுந்தது. பன்றி ஓடவில்லை, திரும்பியது. அலறல் கேட்டு நான் போனபோது தொடை கிழிந்து செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கைலியால் அமுக்கியும் ரத்தம் நிற்கவில்லை.

"இப்பவாச்சும் ஒஞ் செடிக்கு ரத்தம் பத்துமாடா?"

அந்த வலியிலும் என் பரம்பரையையே வைதான். லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தையல் பிரித்ததும் மறுபடியும் ஆரம்பித்தான். இந்தத் தடவை காய்ந்த ஆட்டுப் புழுக்கையைப் போட்டான். சுற்றி முள்ளடைத்தான். நொண்டி நொண்டிக் குடத்தில் தண்ணீர் சுமந்தான். செடி பூத்தது, காய்த்தது.

அடுப்பு அவனுக்குப் பன்றியைவிட மோசமான எதிரி. கறி வெட்டுகிற கட்டையில் வைத்து, கறிக் கத்தியால் வெங்காயத்தை வெட்டினான். வெங்காயம் சுவருக்குப் பறந்தது. முதல் குழம்பு அடிப்பிடித்தது. சட்டியை எட்டி உதைத்தான். கொதித்த குழம்பு பாதத்தில் கொட்டித் தோல் உரிந்தது. அடுத்த நாளும் வைத்தான். அதற்கடுத்த நாளும் வைத்தான். எண்ணெய் பிரிந்து மேலே வருகிற வரை பொறுத்திருக்கப் பழகினான். அத்தனை நேரம் அடிக்காமல், உதைக்காமல் அவன் ஒரு பொருள் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சொல்லி அனுப்பினோம். அழகுத்தாய் அண்ணனோடு வந்தாள். சங்கையா அன்று கடை போடவில்லை. இருவருக்கும் இலை போட்டு அவனே பரிமாறினான். அழகுத்தாய் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். அடுத்த வாய் எடுத்தாள். சங்கையா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முத்துராமலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. வாயில் போட்டதை வேண்டுமென்றே முற்றத்தில் துப்பினான்.

"இது கொழம்பா மாப்ள? மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணி கூட நல்லா இருக்கும். தங்கச்சி பல்லுக்கு இதான் வெலையா?"

கரண்டி இறங்கியது. முத்துராமலிங்கத்தின் நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணை மூடி இலையில் சொட்டியது. அவன் எழுந்து சங்கையாவின் தையல் போட்ட தொடையிலேயே மிதித்தான். இருவரும் உருண்டார்கள். குழம்புச் சட்டி உடைந்தது. நான் விலக்கப் போய் முழங்கையில் ஒரு கடி வாங்கினேன். யார் கடித்தது என்று இன்றுவரை தெரியாது.

அழகுத்தாய் எழவில்லை. தன் இலையில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டாள். கை கழுவினாள். பிறகு வந்து அண்ணனின் தலையில் துண்டைக் கட்டினாள்.

"கொழம்பு நல்லாருக்கு" என்றாள் சங்கையாவிடம். "நான் வச்சதவிட நல்லாருக்கு. கொழம்பு வைக்கப் பழகிட்டீக. கை மட்டும் அப்பிடியேதான் இருக்கு. நான் வரல."

அண்ணனைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். சங்கையா உடைந்த சட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இந்த வருசம் பாகற்கொடி போட்டிருக்கிறான். யாரும் சவால் விடவில்லை, அவனாகப் போட்டது. போன வாரம் யாருடைய ஆடோ முள்ளைத் தாண்டிப் போய்ப் பாதிக் கொடியைத் தின்றுவிட்டது. சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"ஆட்டப் பிடிச்சு உடையவன் வீட்டுல கொண்டுபோய் விட்டேன். அடிக்கல. டவுனுப் பக்கம் போனா அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

மறுநாள் விசாரித்துக்கொண்டு அந்த ஆட்டைப் போய்ப் பார்த்தேன். பின்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு டவுனுக்கு நாலைந்து தடவை போய் வந்துவிட்டேன். அழகுத்தாயிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.