தூக்காத கை

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். பச்சைக் காயைச் சரிவிலிருந்து உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டைக் கயிறு எப்போதும் வலது தோளில்தான் அழுத்தும். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கழுத்தடியில் வலி பிடித்தது. வலி போனபின் கை தோளுக்கு மேலே எழவில்லை. முதுகில் தோள்பட்டை எலும்பு கோழி இறக்கை மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது.

மேனேஜர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். எலும்பு அவர் கண்ணில் படவில்லை, சோம்பல்தான் பட்டது. "நடிக்காம சோலியப் பாரு" என்றார். தோட்டத்துக் கம்பவுண்டருக்குத் தெரிந்த நோய்கள் இரண்டு: காய்ச்சல், வாயு. எனக்குக் காய்ச்சல் இல்லாததால் வாயு மருந்து கொடுத்தார். ஏப்பம் நன்றாக வந்தது.

அப்போதுதான் மழைக்குக் கம்பளி கேட்டு வேலைநிறுத்தம் செய்யலாமா என்று சங்கக் கூட்டம் நடந்தது. தலைவர் போடியிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார்.

"சம்மதிக்கிறவுக கையத் தூக்குங்க!"

நான் இடது கையைத் தூக்கினேன்.

"என்னய்யா, நையாண்டியா?"

"இல்லண்ணே, வலது கை எந்திரிக்க மாட்டேங்குது."

"மேனேஜர் சொன்னா மட்டும் எந்திரிக்குமோ?"

கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து மேனேஜருக்கு நான் சங்கத்து ஆள்; சங்கத்துக்கு மேனேஜர் ஆள்.

வெறுத்துப்போய் மதுரைக்கு ரயிலேறினேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் சுவரில் கையை ஊன்றித் தள்ளச் சொன்னார். எலும்பு இன்னும் எழும்பி நின்றது.

"இதுக்கும் விலா எலும்புக்கும் மூட்டே கிடையாதுப்பா. முக்கோணத் தகடு மாதிரி முதுகுல படுத்திருக்கு. தசைங்கதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. கை மேல போகணும்னா இதுவும் கூடவே திரும்பணும். அதைத் திருப்புற தசையோட நரம்பை உன் மூட்டைக் கயிறு நசுக்கிடுச்சு. சுமக்காம இரு, மெள்ளச் சரியாகும்."

நான் நடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அழுகை வந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். "எலும்பு ஒடையலேல்ல? அப்பறமென்ன?" என்றார் மேனேஜர். தலைவர் மட்டும் உருகிப்போனார். அடுத்த கூட்டத்தில், மேனேஜர் என்னைத் தடியால் அடித்துத் தோளை உடைத்ததாகவே பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. அதோடு எனக்கு அங்கே வேலையும் போயிற்று.

சிலமலையில் அக்கா வீட்டில் கிடந்தேன். ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். போடி பஸ்சில் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் பிரேக் போட்டார். விழாமல் இருக்க மேல்கம்பியைப் பிடித்தேன். பிடித்தது வலது கை.

"கைய எறக்குய்யா, மூஞ்சில இடிக்குது" என்றார் பக்கத்திலிருந்தவர்.

போடி வரும்வரை நான் இறக்கவில்லை.